நிறுத்துக் கொடுத்த மீன்

தை: என் மனைவியின் சிறுநீரகங்கள் பழுதென்று அறிந்தோம். புரதத்தைக் குறைக்கும்படி வைத்தியர் தாளில் எழுதித் தந்தார்.
வைகாசி: இயந்திரத்தில் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) தொடங்கியது.
ஐப்பசி: அவள் காலமானாள்.

நான் கோப்பாயில் வசிக்கும் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியன். தை முதல் அவளுடைய மீனைத் தராசில் நிறுத்தே கொடுத்தேன். அப்போது அது சரியே.

சுத்திகரிப்பு தொடங்கிய வாரம் அவள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இனி மீன், முட்டை எல்லாம் கூடுதலாச் சாப்பிடட்டாம். மெஷின் சத்தையும் இழுத்துப்போடுமாம். நேர்ஸ் பிள்ளை சொன்னவா."

"புரதம் எண்டால் என்னெண்டு அந்தப் பிள்ளைக்கு நான் படிப்பிக்கவோ? நீர் பேசாமல் சாப்பிடும்."

வைத்தியரிடம் நான் கேட்கவில்லை; தராசையும் விடவில்லை. ஒருநாள் அவள் இரண்டாவது மீன் துண்டை எடுத்தபோது, அவளது சோற்றுக் கோப்பையிலிருந்து கரண்டியால் அதைத் திருப்பி எடுத்தேன். அவள் வெறும் சோற்றைப் பிசைந்தாள். நாளடைவில் கைகள் மெலிந்து காப்புகள் தாமாகக் கழன்றன. ஐப்பசியில் காய்ச்சல் கண்டது.

"கிருமியை எதிர்க்க உடம்பிலை சத்தில்லை ஐயா. புரதத்தைக் கூட்டச் சொன்னனாங்களே?" என்றார் வைத்தியர்.

அவள் இறந்த எட்டாம் நாள், வழக்கப்படி, அவள் விரும்பியவற்றைச் சமைத்துப் படைத்தோம். அவளுடைய தங்கை வாழையிலை நிறைய விளைமீன் பொரியலை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தராசைக் கொண்டு வரட்டோ, அத்தான்?"

புரதத்தைப் பற்றி முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் நான். என் வீட்டில் ஒருத்தி பசித்திருந்ததை அறியவில்லை.

இன்னும் செய்யாதவை:
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தை மாதத் தாளை அகற்றுதல்.
அந்தத் தாதியைக் கண்டு, அவர் சொன்னதே சரியென்று கூறுதல்.
தங்கைக்குப் பதில் சொல்லுதல்.