எந்த ஒன்றாம் தேதி?

மரச்சீனிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சி, ஆலை வாசல்கதவில் நான் ஒட்டிய அந்த அரைத்தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ‘வரும் ஒன்றாம் தேதி முதல் ஆபீஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் வைக்கப்படும்.’ எழுதியதும் நான்தான்.

நாடு விடுதலையாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். இரணியலுக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில் எழுத்தராக இருந்தேன். ஊரில் அதை அண்டியாபீஸ் என்பார்கள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் தேசம் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். சண்டை முடிந்ததும் பழையபடி ஆக்கிவிட்டார்கள். எங்கள் முதலாளிக்கு மட்டும் அந்தப் பழக்கம் பிடித்துப்போயிற்று. தகரக் கொட்டகை வெயிலில் பழுக்கும் முன் வேலை முடியட்டும் என்று கோடைதோறும் மணியை மாற்றுவார். மாற்றும் நாள்தான் ஒரு வருடம் போல மறு வருடம் இருக்காது.

என் மாமி, அம்மாவின் தம்பி மனைவி, அங்கே கொட்டை உடைத்தாள். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்திருக்கும். வாசிக்கத் தெரியாது, ஆனால் அவள் பேச்சை இருபது பெண்கள் கேட்பார்கள். அன்று மாலை வாசலில் என்னை நிறுத்தி, “ஒண்ணுன்னா சித்திரை ஒண்ணுதானே மக்கா?” என்று கேட்டாள். முதலாளி சொன்னது இங்கிலீஷ் தேதி என்று எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சரியாகக் காதில் வாங்காமல், “ஆமா மாமி” என்றுவிட்டு ஓடினேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி மாமியும் அந்த இருபது பேரும் ஒரு மணி நேரம் பிந்தி வந்தார்கள். சித்திரை பிறக்க இன்னும் இரண்டு வாரம் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது, மற்ற ஆட்கள் உள்ளே வேலையில் இருந்தார்கள். மேனேஜர் வெளியே வந்து, இவர்களுக்குத் தப்பாகச் சொன்னது யார் என்று கேட்டார். இரண்டு பேர் மாமியைக் காட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பி, அறிவிப்பில் தெளிவாகத்தானே இருந்தது என்றார். மாதத்தை எழுதாமல் விட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தெளிவாத்தான் எழுதினேன் சார்.”

மாமி என்னைப் பார்த்தாள். இவன்தான் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றவர்களை ஒரு வாரம் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டு, ஆட்களைக் கெடுத்தவள் என்று மாமியின் பேரை அடித்துவிட்டார் மேனேஜர்.

பத்து நாள் தள்ளிப்போட்டேன். பிறகு மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் வைத்தாயிற்று, போய் வேலையைப் பார் என்றார். சாயங்காலம் மாமி வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி எனக்குள் கொஞ்சம் இருந்தது, அதை மறைப்பானேன். முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டே முழுக்கக் கேட்டாள்.

“மேனேஜர்ட்ட சொன்னே, சரி. எங்கூட வந்த பொண்ணுவகிட்ட சொன்னியா?”

அவள் அடுத்த ஓலையை எடுத்தாள்.

“அதுவ என்கிட்ட பேசி பத்து நாளாச்சு மக்கா. தண்ணி கோரப் போனா வெலகி நிக்குதுவ.”

அந்த இருபது பேரில் ஆலைக்குத் திரும்பியவர்கள் ஏழு பேர்தான். மீதிப் பேர் குழித்துறைப் பக்கம் வேறு அண்டியாபீசுகளுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கொட்டகையில் அந்த ஏழு பேர் முன்னால் நின்று சொன்னேன். உடைக்கிற கையை நிறுத்தாமல் கேட்டார்கள். ஒருத்தி மட்டும் அன்றே மாமி வீட்டுக்குப் போனாள் என்று பின்னால் தெரிந்தது. மற்றவர்கள் போனார்களா என்று மாமி சாகும்வரை நான் கேட்கவில்லை. எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இன்று அவள் இருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.