எதிர்ப் பேச்சுக்கு ஒருவர்

கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போன காலத்தில், தாம்பரத்தில் ஏறி என் எதிரே உட்காருவார் ஒருவர். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர்; சங்கத்திலும் பொறுப்பில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு. ஒருநாள் போனஸ் பற்றி யாரோ பேசப்போய் எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. பல வருடம் ஓயவில்லை. திறமை இருந்தால் சந்தை வழிவிடும் என்பது என் கட்சி. சேர்ந்து நிற்காத தொழிலாளியை அது மிதித்துக்கொண்டு போய்விடும் என்பது அவர் கட்சி. கடவுளையும் விடமாட்டார். உழைக்கிறவனைப் பொறுத்துப்போகச் சொல்லும் ஏற்பாடு அது என்பார். கிண்டி வந்ததும் பாதிப் பேச்சில் எழுந்து போவார். மீதியை நான் கோட்டை வரை மனதுக்குள் பேசிக்கொண்டே போவேன்.

அவருடைய தொழிற்சாலையை மூடினார்கள். அவர் வருவது நின்றது. பிறகு எங்கள் அலுவலகமும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. பாதிப் பேரின் வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டது, அவர்களை அனுப்பிவிட்டார்கள். அது முடித்ததைச் சரிபார்க்க என்னை வைத்துக்கொண்டார்கள். ஃபிளாட்டில் நான் தனி. சில நாள், மாலையில் கடையில் பால் கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல்முறையாகப் பேசுகிறேன் என்று உறைக்கும்.

வேலை போனவர்களில் ஒருத்தி, தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கீழ்க்கட்டளைக்கு அழைத்திருந்தாள். சர்ச் வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டு நின்றவர் அவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆராதனை முடிந்ததும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மனைவி இறந்துவிட்டதாகவும், ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாக இருப்பதாகவும் சொன்னார்.

"அப்ப நம்பிக்கை வந்துடுச்சா சார்?"

"தெரியலம்மா. முன்னல்லாம் ஒரு கூட்டத்துக்குப் போவலன்னா, ஏன் தோழர் வரலன்னு சங்கத்துல கேப்பாங்க. இப்ப இங்கதான் கேக்குறாங்க."

அதை மறுத்துப் பேச எனக்கு வார்த்தை இருந்தது. மனம்தான் வரவில்லை. எங்கள் அலுவலகக் கதையைச் சொன்னேன். போனவர்களில் என்னைவிடத் திறமைசாலிகள் இருந்தார்கள், இந்தக் குழந்தையின் அம்மா உட்பட என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பவே சொன்னேனேன்னு சொல்லுங்க சார்."

"சொல்லி இன்னாம்மா ஆவப்போவுது? சாப்ட்டீங்களா?"

இல்லை என்றதும் உள்ளே போய் ஒரு தட்டில் பிரியாணி வாங்கிவந்து கொடுத்தார். அதற்குள் நாற்காலி எடுத்துப்போட யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் திரும்பி வரவில்லை. ஹாலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறும் அங்கே போகலாமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நாலு பேர் விசாரிப்பார்கள் என்பதற்காகப் போய் உட்கார மனம் ஒப்பவில்லை. அவருடைய ஃபோன் நம்பரையாவது வாங்கியிருக்கலாம். ஞாயிறு வந்தது. துணிகளைத் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டுவிட்டு, டிவியில் ஒரு விவாத நிகழ்ச்சியைப் போட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டேன்.