வதனியைத் தெரியாத மூன்று பேர்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வதனி எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, இதை ஒருக்கா வாசியுங்கோ. எனக்கு விளங்கினது சரியோ எண்டு பாக்கவேணும்."

வாசித்தேன். மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். நீங்கள் பெயர் தந்த மூன்று விவசாயிகளோடும் பேசினோம். மூவருமே உங்களைத் தெரியாது என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர முடியுமா?

அவளுக்கு விளங்கியது சரிதான்.

வதனி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொடிகாமத்துக்காரி, வயது முப்பத்தாறு. ஒரு நிறுவனத்துக்காகப் பதினொரு வருடமாக ஸ்கூட்டியில் காணி காணியாகப் போய்த் தென்னை பார்க்கிறவள். கன்றுக்குக் குழி எவ்வளவு ஆழம் என்று காட்டுவாள். ஓலையைத் திருப்பிப் பார்த்து வெள்ளை ஈயைப் பிடிப்பாள். இந்தப் பக்கத்தில் நாலு தென்னை வைத்திருக்கிற எவருக்கும் அவளைத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. கணவன் கேதீஸ் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். நாலாம் வகுப்பில் ஒரு மகள்.

இந்த வதனிக்குத்தான் மொசாம்பிக்கில் ஒரு வேலை வந்திருந்தது. ஆம், ஆபிரிக்காவில்தான்.

எங்களுக்கு வெளிநாடு என்றால் கனடா, லண்டன், சுவிஸ்... ஆபிரிக்கா அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? ஆனால் வேலையைக் கேட்டால் உங்களுக்கும் ஆசை வரும். அங்கே ஒரு நோய் வந்து தென்னைகள் தோப்புத் தோப்பாகப் பட்டுப்போயினவாம். இந்தக் கம்பனி ஊர்ச் சனத்தின் காணியை வளைத்துப் போடாமல், அவர்களுக்கே கன்று கொடுத்து, வளர்க்கப் பழக்கி, காய்த்ததும் நியாயமான விலைக்கு வாங்குகிறதாம். லாபத்தில் ஒரு பங்கு கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறதாம். வீடு வீடாகப் போய்ச் சனத்தோடு பழகத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டும். ஆறு மாதத்தில் குடும்பத்தையும் கூப்பிடலாம்.

வதனி சொன்ன காரணம் இவ்வளவுதான்: "இஞ்சை ஒவ்வொரு மார்கழியும் அடுத்த வரியம் வேலை இருக்கோ இல்லையோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன் அக்கா. அவை அஞ்சு வரியத்துக்கு எழுதித் தருகினம்."

அந்தக் கம்பனிக்கு ஒரு வழக்கம். சான்றிதழை மட்டும் நம்பமாட்டார்கள். அந்த ஆளோடு வேலை செய்த விவசாயிகளிடம் கேட்பார்கள். வதனி மூன்று பேரின் பெயரையும் நம்பரையும் கொடுத்தாள். ஆனால் அந்த மூன்று பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

ஏன் சொல்லவில்லை என்று யாழ்ப்பாணத்து வாசகர்கள் கேட்கமாட்டீர்கள். எங்களில் யார் பயணத்தைச் சொல்லிவிட்டுப் போனோம்? திங்கட்கிழமை உங்களுக்குப் பக்கத்தில் நின்று மீன் வாங்கிய ஆள், அடுத்த ஞாயிறு பாரிஸில் இருந்து போன் எடுப்பார். ஏஜென்சிக்காரருக்குக் காசு கட்டிக் களவாகப் போன காலத்துப் பழக்கம். பாதி கண்ணூறுக்குப் பயம், பாதி வேறு பயம். "இறங்கினாப் பிறகு சொல்லுவம்" என்று கேதீஸ் பிடிவாதமாக நின்றிருக்கிறார்.

பெயர் கொடுத்த ஆட்களுக்காவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எத்தினை ஃபோமிலை மூண்டு பேரைக் கேட்டவை அக்கா? ஆராவது எடுத்து விசாரிச்சவையோ?"

உண்மைதானே!

ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். மூவரில் மூத்தவர் மார்க்கண்டு அண்ணை. எழுபது தாண்டியவர், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். இளந்தென்னைகளின் அடியில் புல் செருக்கிக்கொண்டிருந்தார். வதனியைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, தானே கதையைத் தொடங்கினார். கொழும்பில் இருந்து ஒரு பெண் போன் எடுத்தாளாம். படித்த தமிழாம். அதிலேயே அவருக்குச் சந்தேகமாம். வதனியைத் தெரியுமா, எந்த நேரம் வருவா, என்ன செய்வா என்று துருவித் துருவிக் கேட்டாளாம். அப்படி ஒரு ஆள் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று வைத்துவிட்டாராம்.

அதோடு விட்டாரா? தென்னைச் சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் உடனே போன் எடுத்து, வதனியை யாரோ விசாரிக்கிறார்கள், வாயைத் திறக்கவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். சங்கம் சொல்லுக் கேட்டது. பெயர் கொடுத்த மற்ற இருவரும் சங்கத்து ஆட்கள்தான். அதில் ஒருவர், தெரியாது என்றதோடு நிற்காமல், அப்படி ஒரு பிள்ளை இருந்தாலும் கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போயிருக்கும் என்று அடித்து விட்டிருக்கிறார்.

வதனி வரம்பில் குந்திவிட்டாள். விஷயத்தை நான்தான் சொன்னேன். கலியாணத்துக்கு ஆயிரம் பொய் தாங்கும் என்பார்கள். வேலைக்கு மூன்று பொய்கூடத் தாங்காது போலிருக்கிறதே அண்ணை, என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"தெரியாது எண்டால் ஒரு சொல்லோடை முடிஞ்சுது தங்கச்சி. தெரியும் எண்டால் விடிய விடியக் கேப்பாங்கள். சண்டைக் காலத்திலை ஆமி வந்து கேக்க, ஒருக்கா என்ரை மூத்தவனையே எனக்குத் தெரியாதெண்டு சொன்னனான். அப்பிடிச் சொன்னபடியால்தான் அவன் இண்டைக்குப் பிரான்ஸிலை பேரப்பிள்ளையோடை இருக்கிறான்."

எங்களைக் காப்பாற்றிய சொல்தான் அது. காலம் மாறியதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் வதனியும் நானும் என் அரைகுறை ஆங்கிலத்தில் பதில் எழுதினோம். ஒன்றும் மறைக்கவில்லை. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஆள் போன் எடுத்து ஒருவரைப் பற்றி விசாரித்தால், அவர்மேல் அன்புள்ளவர்கள் தெரியாது என்பார்கள். மூவருமே தெரியாது என்றார்கள் என்றால் எவ்வளவு அன்பு என்று நீங்களே பாருங்கள் – இப்படி.

மறுநாள் பதில் வந்தது. வியாழன் காலை வீடியோவில், தென்னங்காணியில் வைத்தே கதைக்கலாமாம்.

மார்க்கண்டு அண்ணை சவரம் செய்து, வெள்ளைச் சேர்ட்டோடு நின்றார். போனில் கம்பனிப் பெண் ஒருத்தி. பக்கத்தில் மொழிபெயர்க்க அதே கொழும்புக் குரல். வதனியைப் புகழ்வார் என்று பார்த்தால், மனுசன் முறைப்பாடு வைக்கிறார்! மருந்து அடிக்க விடமாட்டாளாம். சவர்க்காரத் தண்ணியால் ஓலை கழுவச் சொல்லி உயிரை எடுத்தாளாம். வேண்டாம் என்றாலும் அடுத்த கிழமை வந்து நிற்பாளாம். எந்த மரத்தில் எப்போது ஈ பிடித்தது என்று தனக்கே மறந்ததை அவள் சொல்வாளாம். வதனிக்குக் காது சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணோ குனிந்து குனிந்து எழுதுகிறாள்.

கடைசியில் அண்ணை போனைத் தன் கிட்டே இழுத்தார்.

"இப்ப நான் ஒண்டு கேக்கிறன் தங்கச்சி. நாங்கள் காணியை விட்டிட்டு ஓடித் திரிஞ்ச சனம். அங்கை சனத்தைக் காணியிலை இருந்து எழுப்பிப்போட்டே மரம் நடுறியள்? அப்பிடியெண்டால் எங்கடை பிள்ளை வராது."

நான் வதனியைப் பார்த்தேன். ஐந்து வருட வேலை போனது என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறியிருந்தது. ஆனால் ஒன்று... அவரை நிறுத்த அவள் கை நீட்டவில்லை.

மொழிபெயர்த்து முடிய நேரம் எடுத்தது. கம்பனிப் பெண் பேனையை வைத்தாள். காணி சனத்தின் பெயரிலேயே இருக்கிறது, ஒருவரையும் எழுப்பவில்லை, ஒப்பந்தத்தின் பிரதியை வதனிக்கு அனுப்புகிறேன் என்றாள். இதைக் கேட்கிற ஊரில் இருந்துதான் எங்களுக்கு ஆள் வேண்டும் என்றும் சொன்னாள்.

"அப்ப சரி. கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் அண்ணை, பெண் கொடுக்கிறவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பிறகு விசா, ஊசி, அங்கே பேசுகிற போர்த்துக்கேய மொழிக்கு வகுப்பு என்று ஓடித் திரிந்தாள். மொழிக்குப் பயந்தவளுக்கு நான் சொன்னேன்: மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து எல்லாம் ஒருகாலம் எங்களை ஆண்ட போர்த்துக்கேயர் இங்கே விட்டுப்போன சொற்கள்தான். பாதி வீடு உனக்கு ஏற்கெனவே தெரியும், மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்.

முந்தாநாள் கொடிகாமம் சந்தியில், பட்டப்பகலில், வதனி கொழும்பு பஸ் ஏறினாள். சங்கமே வந்து நின்றது. கேதீஸ் கண்ணூறு என்று முணுமுணுத்தபடியே எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். மகள் அழுதாள், பிறகு ஆறு மாதத்தை விரலில் எண்ணினாள். சனம் முறை வைத்து யன்னலுக்குள் கை நீட்டி அவள் கையைப் பிடித்தது. எங்கள் ஊரில் இருந்து ஒருவரை இப்படி ஊர் அறிய அனுப்பியதை நான் கண்டதே இல்லை.

பஸ் இருபது நிமிடம் பிந்திப் புறப்பட்டது. ஒருவரும் கோபிக்கவில்லை... கண்டக்டரைத் தவிர.