நாடி எண்ணியவர்

கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்த தேவானந்தம் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. அவர் மனைவி ஞானஜோதி சேலையூரில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. 1966இல், பள்ளிக்கூட மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் அது தெரிந்தது.

டாக்டரம்மா ஒரு சிறிய வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"டிஜிடாலிஸ்னு ஒரு செடி சார். குளிர் பிரதேசத்துல வளரும், பூ மணி மாதிரி தொங்கும். அதோட இலைலேருந்து எடுக்கிற மருந்து இது. இதயத்துக்கு பலம் குடுக்கும், ஆனா கொஞ்சம் கூடினா விஷம். தினம் காலைல பல்ஸ் பாருங்க. அறுபதுக்குக் கீழ போனா மாத்திரை குடுக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க."

அன்று முதல் காலை ஜெபம் முடிந்ததும் தேவானந்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் நாடியை எண்ணுவார். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ நேரம் கையைப் பிடிக்கல நீங்க" என்பாள்.

1968இல் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரை பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். ஐந்து நாளில் அவள் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகு, மாத்திரை தவறிவிடுமோ என்ற பயம் ஒன்றே அவருக்குள் நின்றது.

1971 ஆகஸ்டில் ஒருநாள் ஞானஜோதி அவருடைய சட்டையை உதறிப் பார்த்தாள். "என்னங்க இது, டோபி மஞ்சளாக்கிக் கொண்டாந்திருக்கான்."

சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. மறுநாள் பாலும் சுவரும் அவளுக்கு மஞ்சளாகத் தெரிந்தன. சோற்றைக் கண்டாலே குமட்டியது.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வந்து பார்த்தாள். "மஞ்சக்காமாலைதான் சார், வேற இன்னா? கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுங்க, சரியாப்பூடும்" என்று தானே பறித்து அரைத்தும் கொடுத்தாள். தேவானந்தம் அதையும் கொடுத்தார், மாத்திரையையும் கொடுத்தார்.

நான்காம் நாள் காலை நாடி ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணினார். ஐம்பத்திரண்டேதான். சாப்பிடாத பலவீனம் என்று நினைத்தார். வீங்கிய கால்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"எவ்ளோங்க?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி மாத்திரையை அவள் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஆபீசுக்குக் கிளம்பினார். மூன்று மணிக்கு அவள் கொல்லைப்புறத்தில் விழுந்தாள். பச்சையம்மா ரிக்‌ஷாவில் தூக்கிக்கொண்டு ஓடினாள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

டாக்டரம்மா அவரைத் தனியே அழைத்து விசாரித்தார். "மஞ்சளாத் தெரிஞ்சுதா? அது காமாலை இல்ல சார். இந்த மருந்து உடம்புல கூடிப்போனா அப்படித்தான் தெரியும். காலைல பல்ஸ் எவ்ளோ இருந்துச்சு?"

"எழுபத்திரண்டு" என்றார் தேவானந்தம்.

அடக்கத்தன்று ஞானஜோதியின் அக்கா தபீதாள் எல்லோர் முன்னாலும் பச்சையம்மாவைப் பார்த்து, "உன் பச்சிலைதான் என் தங்கச்சியைக் கொன்னுடுச்சு" என்றாள். பச்சையம்மா தேவானந்தத்தின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதமே அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டாள்.

மூன்று வருடம் அவர் வேலைக்குப் போனார், வந்தார், கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெபிக்க முடியவில்லை. 1974இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போய் விசாரித்து, வாசலில் நின்றபடியே பச்சையம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கத்தவில்லை. "போன வருசம் என் பேத்திக்கு ஜுரம் வந்துச்சு. ஒரு கஷாயம் வெச்சேன், குடுக்க பயந்துக்கினு கீழ ஊத்திட்டேன் சார். இப்ப வந்து சொல்றீங்க" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வயல் வழியாக மேடவாக்கம் வரை நடந்தார். தாம்பரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் கேட்டும் அவர் ஏறவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தார்.