வாய்மொழிப் பரீட்சையில் ஒரு வேலி

கொறற்றி ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள். பேர்லின் நொய்கெல்னில் அவளை அறிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சிலர் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகு, அதே ஆஸ்பத்திரியில் தாதியாக வேண்டும் என்று முடிவெடுத்தாள். அதற்கான அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, கிடைக்கப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். வேலை முடிந்த கையோடு மாலைப் பள்ளிக்கு ஓடினாள். 2006 கோடையில் மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டாள்; வரலாறு மட்டும் காலை வாரியது. இனி வாய்மொழிப் பரீட்சை ஒன்றுதான் மிச்சம். அதிலும் தவறினால் தாதிக் கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தலைப்பு: அமெரிக்கக் குடியேறிகள் மேற்கே பரவியதன் காரணங்களும் விளைவுகளும்.

யாழ்ப்பாணத்தில் படித்தவள் வேறென்ன செய்வாள்? பாடமாக்கினாள். இலவச நிலம், தங்கம், ரயில் பாதை, கடவுளே தங்களுக்குத் தந்த கண்டம் என்ற நம்பிக்கை. பிறகு மீறிய ஒப்பந்தங்கள், அழிந்த காட்டெருமைகள், துரத்தப்பட்ட பூர்வகுடிகள். பஸ்ஸிலும் குசினியில் சமைக்கும்போதும் இதே ஓதல்தான்.

"செபமாலைக்கு நடுவிலையும் ரயில் பாதை வருது, கவனம்," என்றார் கணவர் அருட்பிரகாசம்.

"பகிடி பண்ணாதேங்கோ. நான் பாஸ் பண்ணித்தான் வருவன்."

பரீட்சை அறையில் மடமடவென்று ஒப்பிக்கத் தொடங்கினாள். ரயில் பாதைக்கு வந்தபோது ஆசிரியை கையை உயர்த்தினார். "அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்களே. அதை எப்படி எடுத்தார்கள்?"

பாடமாக்கியதை நடுவில் மறித்தால் என்ன ஆகும் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். முதலிலிருந்து தொடங்கினால் ஒழிய ஒரு சொல்லும் வராது. பாவம், முதலிலிருந்து தொடங்கினாள். ஆசிரியை மறுபடியும் மறித்தார். "புத்தகம் வேண்டாம். உங்களுக்கு விளங்கியதைச் சொல்லுங்கள்."

புத்தகத்தை விட்டுவிட்டு, கையிலிருந்த அரைகுறை ஜேர்மனில் பேசினாள்.

"எங்கள் ஊரில் காணிக்குக் காணி வேலி. கம்பு நட்டு, ஓலை கட்டி, அடிக்கடி புதிதாக அடைப்போம். அடைக்கும்போது கம்பை அடுத்த காணிக்குள் ஒரு சாண் தள்ளி அரக்கி நடுவார்கள். அந்தப் பக்கம் கேட்க ஆளில்லை என்றால் அடுத்த முறை இன்னொரு சாண். அமெரிக்காவில் ஒப்பந்தம்தான் வேலி. தங்கம் கிடைத்ததும் அரக்கினார்கள். ரயில் வந்ததும் இன்னும் அரக்கினார்கள். அவர்களிடம் பட்டாளமும் இருந்தது."

"விளைவு?"

"பக்கத்து வீட்டு றெஜினா அக்கா விதவை. வேலி அரக்கி அரக்கி, கடைசியில் அவருடைய கிணறு போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பது? மீதியையும் அரைவிலைக்கு விற்றுவிட்டுப் போனார். பூர்வகுடிகளுக்குக் காட்டெருமை போனதும் அப்படித்தான்."

ஆசிரியையின் குரல் இளகியது. "உங்கள் குடும்பமும் அப்படித்தான் நிலத்தை இழந்ததா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அகதியாக வந்தவளை யார் சந்தேகிப்பார்கள்?

"இல்லை," என்றாள் கொறற்றி. "கம்பை அரக்கியவர் என் அப்பா. ஓலை பிடித்துக் கொடுத்தது நான். களவென்று எங்கள் வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் அதிகம், காணி போதாது என்றுதான் சொல்லிக்கொண்டோம். தலைப்பில் கேட்ட காரணம் அதுதான்."

வாசலில் அருட்பிரகாசம் காத்து நின்றார். "என்ன மாதிரி? பாஸோ?"

"ஓம்."

"பின்னை ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"றெஜினாக்கா செத்துப்போனா; அவவின்ரை மகள் எங்கை இருக்கிறா எண்டு விசாரிக்கவேணும். அப்பா எனக்குச் சீதனமாத் தந்த அந்தக் கிணத்தடிக் காணி இப்பவும் என்ரை பேரிலைதானே கிடக்கு. திருப்பிக் குடுக்கப் போறன்."

அருட்பிரகாசம் இந்த முறை பகிடி பண்ணவில்லை. தன் பெண்சாதியை அவருக்குத் தெரியும்.