ராய்ஸின் குண்டூசி எழுத்து

பதினோரு திருகாணிகள். ஒவ்வொன்றாகக் கழற்றிய கைகள் அவற்றைக் கிண்ணத்தில் போடவில்லை. அட்டை ஒன்றில், எலெக்ட்ரிக் கிதாரின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் முகத்தகட்டைப் போலவே பென்சிலால் படம் வரைந்திருந்தது. ஒவ்வோர் ஆணியும் எந்தத் துளையிலிருந்து வந்ததோ, அதே இடத்தில் அதை அட்டையில் கைகள் குத்தி நிறுத்தின. மூன்று ஆணிகள் துளையிலேயே சாய்ந்திருந்தன. தகடு அறுபது வருடத்தில் சுருங்கி, ஆணிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு தகட்டைத் தூக்கி, அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் பத்துப் பதினைந்து தடவை வேகமாகத் தேய்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோயின.

கற்பூர வாசம்.

"செல்லுலாய்டுதான். இதைப் போய் எதை வச்சுத் துடைச்சே?" என்றாள் வெர்லீன் ஸ்டிடம்.

எதிரே நின்ற டெல் யோகம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயது, நாற்பது வருடமாக பேஸ் கிதார் வாசிப்பவன். "ஒரு ஓரத்துலதான். நெயில் பாலிஷ் எடுக்குறது கொஞ்சம். என் பொண்ணோடது."

"ஏம்ப்பா, அதுக்குப் பதிலா தீக்குச்சி கிழிச்சிருக்கலாமே. சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

"எனக்கென்ன தெரியும் தாயே. அழுக்குன்னு நெனச்சேன்."

அவன் துடைத்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, தகடு மங்கிப்போய்த் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. சட்டென்று தீப்பற்றும் பழங்கால பிளாஸ்டிக்கான செல்லுலாய்டை அந்தத் திரவம் கரைக்கும். அழுக்கோடு தகட்டின் தோலும் போயிருந்தது.

டெல் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. கிதார் அவன் அண்ணன் ராய்ஸுடையது. ராய்ஸ் மனைவி ஆர்டித்துக்காக ஒரு வால்ட்ஸ், மூன்று தட்டுத் தாளத்தில் நடக்கும் பாட்டு, கட்டியிருந்தான். ஆயில்டேல் ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். அதன் நடுப்பகுதி வரும்போது மற்றவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். எட்டுத் தாளச் சுற்றுக்கு ராய்ஸ் மட்டும் தனியாக வாசிப்பான். அவன் போன பிறகு பன்னிரண்டு வருடமாக அந்த எட்டையும் தாண்டித்தான் வாசிக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை ஆர்டித்துக்கு எழுபது வயது நிறைகிறது. அன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தப் பாட்டை முழுசாக ஒரு தடவை கேட்க வேண்டும் என்று சொல்லி, கட்டிலுக்கடியில் கிடந்த கிதாரை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"மெட்டு எனக்கு நெஞ்சுல இருக்கு. அதுக்கு அடியில சேந்து ஒலிக்கிற கார்டு, அந்தச் சுரக்கூட்டுதான் தெரியாது. அவனுக்கு எதுவும் மனசுல நிக்காது, அதான் குண்டூசியால இந்தத் தகட்டுலயே கீறி வச்சிருந்தான். குனிஞ்சு பாத்துப் பாத்து வாசிப்பான். இப்பப் பாரு, சிகரெட் கறைதான் இருக்கு. எழுத்தைக் காணோம்," என்றான் டெல்.

தகடு முழுக்கத் தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

"வியாழக்கிழமை வா. அதுவரைக்கும் போன் பண்ணாதே," என்றாள் வெர்லீன்.

அவள் இதை யாரிடமும் கற்கவில்லை. பத்தொன்பது வருடம் பக்கத்து பேக்கர்ஸ்ஃபீல்டில் பல்செட் செய்யும் கூடமொன்றில் மெருகு போடும் வேலை பார்த்தாள். பிளாஸ்டிக்கைத் தொட்டால் அது எப்போது சூடாகும், எப்போது குழையும் என்று விரலுக்குத் தெரிந்தது அங்கேதான். கூடம் மூடியபோது, கிதார்க் கடைக்காரர் பின்னறையில் ஒரு மேசை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உடைந்த தகடுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து, எது எதற்குத் தாங்கும் என்று துண்டு துண்டாகச் சோதித்தாள். ஒவ்வொரு துண்டையும் ஓர் உறையில் போட்டு, உறைமேல் தேதியும் பலனும் எழுதினாள். வினைல் தேய்த்தால் மணக்காது, கையில் கனக்கும். பழைய பேக்கலைட் உடையும்போது ஓடு போலச் சிதறும், தேய்த்தால் மருந்துக்கடை நெடி. அசிடேட் கெட்டுப்போனால் வினிகர் வாடை. செல்லுலாய்டு கற்பூரம். சூடான ஊசியால் குத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள். அவள் செய்யமாட்டாள். ஒருமுறை மெருகுச் சக்கரத்தில் செல்லுலாய்டைக் கொடுத்து, குபீரென்று பற்றி, இடது புருவம் போயிற்று. அந்த உறைமேல் 'புருவம்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

புதன்கிழமை காலை, கிழக்கு ஜன்னலின் சாய்ந்த வெயிலில் தகட்டைப் பிடித்தாள். மேலிருந்து பார்த்தால் கறை மட்டும்தான். மேசை மட்டத்துக்குக் கண்ணை இறக்கியதும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. இரண்டு வரிசை. கீழ் வரிசையின் தொடக்கத்தில் இரண்டு ஒன்பதுகள். அவளுக்குப் புரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் கார்டுகளை எண்ணால்தான் எழுதுவார்கள். ஆனால் அதில் ஒன்பது கிடையாது, ஏழோடு சரி. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, தகட்டை மடியில் கிதார் போல வைத்துக் குனிந்து பார்த்தாள். ராய்ஸ், கிதாரை மடியில் வைத்து வாசிப்பவன் கண்ணுக்காக எழுதியிருந்தான். கீழ் வரிசை மேலே வந்தது, ஒன்பதுகள் ஆறுகளாகி அதன் கடைசிக்குப் போயின.

சுத்தம் செய்வதற்கு முன் யோசிக்க வேண்டிய இடம் அதுதான். அந்தக் கீறல்களில் மை எதுவும் இல்லை. அவற்றுக்குள் இறங்கி உட்கார்ந்த புகையும் வியர்வையும்தான் மை. வழக்கம்போலப் பஞ்சால் துடைத்தால் பஞ்சு கோட்டுக்குள் இறங்கி எல்லாவற்றையும் எடுத்துவிடும். தகடு பளிச்சென்று ஆகும், எழுத்து போய்விடும். மேல்தளத்து அழுக்கு போக வேண்டும், பள்ளத்து அழுக்கு இருக்க வேண்டும்.

தகட்டோடு பொருத்தியிருந்த குமிழ்களையும் மின்கம்பிகளையும் கழற்றி, அதை வெறும் தகடாக்கினாள். நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து, பழைய பருத்திச் சட்டைத் துணியை ஒரே மடிப்பாக அதன்மேல் இழுத்துக் கட்டினாள். தட்டையான, விட்டுக்கொடுக்காத முகம். அது பள்ளத்துக்குள் போகாது. முதலில் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. பாதிக் கறை வந்தது. மிச்சத்துக்கு சிகரெட் லைட்டரில் ஊற்றும் எண்ணெய். தகட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துக் கால்மணி நேரம் பார்த்தாள். மங்கவில்லை, ஒட்டவில்லை. துணியில் நான்கு சொட்டு விட்டு, காற்றில் ஆட்டி, ஈரம் தெரியாத அளவு வந்ததும் ஒரே திசையில் ஓர் இழுப்பு. துணியை நகர்த்தி இன்னோர் இழுப்பு. மூன்று இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திக் காயவிட்டாள். சட்டையின் முதுகுப்பக்கம் முழுவதும் செலவாயிற்று.

மதியத்துக்குள் தகடு வெளுத்த புதினா நிறத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் அவள் தொடவில்லை. அந்தப் பச்சை அழுக்கல்ல, செல்லுலாய்டின் வயது. மெல்லிய பழுப்புக் கோடுகளில் எண்கள் நின்றன. நான்கு, ஒன்று, ஆறு, ஆறு. கீழே இரண்டு, அப்புறம் டெல் துடைத்த இடம், அப்புறம் ஐந்து, ஐந்து.

வியாழன் காலை டெல் வந்தான். ஆர்டித் கொடுத்தனுப்பிய சோள ரொட்டியை மேசையில் வைத்தான். எண்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினான்.

"நடுவுல ஒண்ணைக் காணோமே."

"அது உன் பொண்ணோட நெயில் பாலிஷ் பாட்டிலுக்குள்ள இருக்கு."

"இனிமே அதைத் தொட மாட்டேன், போதுமா? ஒண்ணுமே தெரியலையா?"

வெர்லீன் பூதக்கண்ணாடியை நீட்டினாள். "அடியில ஒரு சின்னக் கோடு தப்பிச்சிருக்கு, பாத்தியா? நேரா இறங்குது. வளைவு கிடையாது. அதனால ரெண்டு இல்ல, மூணு இல்ல, அஞ்சு, ஆறும் இல்ல. ஒண்ணு, நாலு, ஏழு. மூணுல ஒண்ணு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

டெல் சுவரில் தொங்கிய கிதார் ஒன்றை இறக்கி, மின்சாரம் இல்லாமலே மெட்டை முணுமுணுத்தபடி வாசித்தான். ஏழாம் கார்டைப் போட்டு முகத்தைச் சுளித்தான். ஒன்றைப் போட்டான், பாட்டு வந்து இளைப்பாறும் வீடு போன்ற கார்டு அது. "இது சரியாத்தான் இருக்கு. ஆனா அவன் இவ்வளவு சுலபமா வீடு போய்ச் சேர மாட்டான்." நான்கைப் போட்டான். அங்கேயே நிறுத்தி, அதே இடத்தை மறுபடி வாசித்தான். பிறகு எட்டையும் முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் வாசித்தான். கடையின் முன்பக்கம் கம்பி வாங்க வந்திருந்த ஒருவர் பின்னறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"நாலுதான். வெர்லீன், அந்த இடத்துல ஒரு நாலு கீறிடேன். உன் கைக்கு வித்தியாசம் தெரியாமப் போட வரும்."

"வரும். ஆனா மாட்டேன்."

"ஏன்?"

"இதுல இருக்கறது ராய்ஸ் எழுதினது. நான் ஒண்ணு சேத்தா, நாளைக்குப் பாக்குறவனுக்கு எது அவனோடது, எது என்னோடதுன்னு தெரியாது. உனக்கு நாலு தெரியுதில்ல? வாசி. ஆர்டித் காதால கேக்கப் போறா, பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போறா?"

டெல் சிரித்தான். "உன்கிட்ட வாய் குடுத்தது என் தப்பு."

அவன் ரொட்டியில் பாதியைத் தின்று முடிப்பதற்குள் அவள் தகட்டைப் பொருத்தினாள். அட்டையிலிருந்து ஒவ்வோர் ஆணியாக அதனதன் துளைக்கே போயிற்று. சாய்ந்த மூன்றையும் நிமிர்த்தாமல் சாய்ந்தபடியே, தகடு பிடிக்கும் அளவுக்கு மட்டும் முறுக்கினாள். இறுக்கினால் அந்த இடத்தில் தகடு விரிசல் விடும். புதுக் கம்பிகள் பூட்டிச் சுருதி சேர்த்தாள்.

"வெயில்ல கார்ல வச்சுட்டுப் போகாதே. பெட்டியை மூடியே வைக்காதே, வாரத்துல ஒரு நாள் காத்தாடத் திறந்து வை. துடைக்கணும்னா காய்ஞ்ச துணி. பாட்டில் எதையும் எடுக்காதே."

"சரி தாயே."

கழுத்தை ஒரு கையாலும் உடலை மறு கையாலும் தாங்கி, எண்கள் அவன் பக்கம் நேராக இருக்கும்படி கிதாரைத் திருப்பி, மேசைக்கு மேலாக அவனிடம் கொடுத்தாள்.