அவசரமில்லை அண்ணை

இன்று கைக்குழந்தையோடு சட்ட உதவி நிலையத்துக்குப் போனேன்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற்றில், அதுதான் நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், சுவர் முழுக்கப் பூஞ்சணம். மாரி தொடங்கியதிலிருந்து மகனுக்கு இருமல் நிற்கவில்லை. வீட்டுக்காரர் மீது தீர்ப்பாயத்தில் முறையிடலாமா என்று கேட்கத்தான் போனேன்.

ஆலோசனை சொல்ல அங்கே இருந்தவள் இந்த வெளிநாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

“திருத்தச் சொல்லி எழுத்தில கேட்டனீங்களோ அக்கா? அதுதான் முக்கியம்.”

“ஓம், நாலு தரம்” என்று பெருமையாக வட்ஸ்அப்பைத் திறந்து காட்டினேன்.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். “அண்ணை, சுவர் கறுத்துப்போச்சு. நேரம் கிடைக்கேக்க பாருங்கோ. அவசரமில்லை.”

நாலு செய்தியும் அப்படித்தான் முடிந்திருந்தன.

“அக்கா, அவசரமில்லை எண்டால் நோ ரஷ்தானே?”

“அது சும்மா மரியாதைக்குச் சொல்லுறது.”

“தீர்ப்பாயத்தில உந்தச் சொல்லைத்தான் அவர் முதல்ல தூக்கிக் காட்டுவார்.”

படங்களைத் திகதியோடு சேமிக்கச் சொன்னாள். என்ன பழுது, எந்த நாளுக்குள் திருத்தவேண்டும் என்று இன்றே எழுதச் சொன்னாள். அதற்கும் அவர் அசையாவிட்டால் நகரசபைப் பரிசோதகரைக் கூப்பிடலாமாம், தீர்ப்பாயத்துக்கும் போகலாமாம்.

மகனை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். ஐந்து வரிக்கு ஒரு மணித்தியாலம் போனது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

“என்ன தங்கச்சி, கோவமோ?”

“ஐயோ, இல்லை அண்ணை” என்று இரண்டு தரம் அடித்து, இரண்டு தரமும் அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

கோபம்தான் என்பதைச் சட்டப்படி எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.